துளை விழாதவை

நாகாவோகா ரயில் நிலையத்தின் பின்வாசலில்
பழம்பொருள் வாங்கும் கடை என்னுடையது.
கைக்கடிகாரம், தபால்தலை, தங்கப்பல்கூட வாங்குவேன்.
பல் வாரத்துக்கு ஒன்றாவது வரும்.
யாருடையது என்று கேட்பதில்லை.

பிப்ரவரிக் கடைசி.
கூரைப்பனி பொத்தென்று விழும் சத்தத்துக்கு
ஒருவரும் தலை திருப்பாத பருவம்.
தொகிதா மசுயோ அம்மையார்
மீன்கடைப் பையில் மூன்று ஆல்பம் கொண்டுவந்தார்.

தொலைபேசி அட்டைகள்.
நானூற்றுப் பன்னிரண்டு.
பூஜி மலை, புல்லட் ரயில், பீர்க் கம்பெனி,
ஏதோவொரு சிமெண்ட் ஆலையின் இருபத்தைந்தாம் ஆண்டு,
குடை பிடித்துச் சிரிக்கும் பாடகி.
ஒன்றிலும் துளை இல்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்:
பச்சைத் தொலைபேசியில் அட்டையைச் செருகிப் பேசினால்
முடித்ததும் ஓரத்தில் ஒரு துளை போட்டுத் திருப்பித் தரும்,
இவ்வளவு பேசிவிட்டாய், இவ்வளவு மிச்சம் என்று.
எங்கள் தொழிலுக்கு அதுதான் விதி.
பேசாத அட்டைக்கு விலை உண்டு.
பேசியதைக் குப்பையில் போடலாம்.

"எண்பத்தெட்டில் ஆரம்பித்தார்.
விலை ஏறும், வீடு வாங்கலாம் என்றார்.
பிறகு சப்போரோவுக்கு மாற்றல். ஆறு வருஷம். தனியறை."
ஞாயிறுதோறும் கூப்பிடுகிறேன் என்று போனவர்
ஞாயிறுதோறும் அட்டை வாங்கினார்.
கையில் சில்லறை இல்லை என்று கடிதம் வரும்.
கடிதத்துக்குள் ஓர் அட்டை இருக்கும்.
தொடாமல் வை, என்று அடியில் ஒரு வரி.

குறையாகச் சொல்லவில்லை,
பேருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு
ஒவ்வொன்றாக விளக்கில் சாய்த்துப் பார்த்தேன்.
பெரும்பாலானவை முகவிலைக்கே தேறாது.
வாங்கும்போது யானை, விற்கும்போது பூனை,
எந்த ஊரிலும் இந்த இரண்டு விலங்குதான்.
பாடகி மட்டும் வேறு:
பற்பசைக் கம்பெனி குலுக்கலுக்காக
நூறே நூறு அச்சடித்தது.
"நாற்பத்தோராயிரம் யென்" என்றேன்.

அவர் பாடகியைக் கொஞ்சநேரம் பார்த்தார்.
"இது இன்னும் வேலை செய்யுமா?"

"செய்யும். ஐம்பது அலகும் அப்படியே இருக்கும்.
ஆனால்"

உறையிலிருந்து உருவிவிட்டார், வெறும் விரலால்.
தடுக்க உயர்ந்த என் கை
கையுறையோடு காற்றில் நின்றது.

நிலைய வாசலில் ஒரு பச்சைத் தொலைபேசி உண்டு.
நிலநடுக்கம் வந்தால் உதவும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.
கண்ணாடி வழியே பார்த்தேன்.
செருகினார். எண்களை நிதானமாக அழுத்தினார்.
காதில் வைத்துக்கொண்டு நின்றார்.
தோளில் பனி சேர்ந்தது. தட்டிவிடவில்லை.
நான் மனசுக்குள் கழித்துக்கொண்டே இருந்தேன்:
ஒரு துளை, நாற்பதாயிரம் போச்சு.

திரும்பி வந்து மேஜையில் வைத்தார்.
துளை இல்லை.

பல்லுக்குக் கேட்காதவன் இதற்குக் கேட்டேன்:
"யாரைக் கூப்பிட்டீர்கள்?"

"வீட்டை.
அங்கே யார் இருக்கிறார்கள், மணி அடித்தது, அவ்வளவுதான்.
எடுக்காவிட்டால் காசு போகாதா?
துளையும் விழாதா?"

"விழாது."

"அப்படியா" என்றார்.
கையுறை விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், செய்வதற்கு வேறில்லாமல்.
"தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனே.
கூப்பிடுங்கள், நான் எடுக்க மாட்டேன் என்று.
பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருப்பேன்."

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது
பாடகியின் குடைமேல் மயிரிழைக் கீறல்,
உள்ளே உருளை இழுத்த தடம்.
மூவாயிரம் குறைத்தேன்.
அதுதான் என் தொழில்.

பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.
பையை மட்டும் திருப்பிக் கேட்டார்,
போகிற வழியில் மீன் வாங்க வேண்டுமாம்.