கழிவு

டிக்கோயா கிளினிக். புதன், மழை.
போனை மேசையில் வைத்துச் சொல்கிறேன்:
"நீங்க பேசுறத ஒரு மிஷின் கேட்டுக் குறிப்பெழுதும்.
நான் பாத்துத் திருத்துவேன்.
வேணாம்னா வேணாம்தான்,
மருந்து குறையாது."

பூங்காவனம் படிவத்தைத் தொடவில்லை.
கொழுந்துக் கறை ஏறிய பெருவிரலை
முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்,
மைப்பெட்டி வருமென்று.

"எத்தன கிலோ கழிக்கும்?"

விளங்கவில்லை எனக்கு.

"தராசுல சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு ரெண்டு
கழிக்கிறாங்கல்ல.
நான் சொல்றதுல இது எவ்வளவு?"

தெரியாது என்றேன்.
பயிற்சி வகுப்பில் யாரும் கேட்காதது.

"அப்ப இன்னைக்கி நீங்களே எழுதுங்க.
அடுத்த மொற பாப்பம்."

போனை அணைத்து இழுப்பறையில் போட்டேன்.

சாயங்காலம் என் கையெழுத்தை வாசித்தால்,
மகன் பெயரை நாலு தடவை சொன்னாள்.
ஒரு தடவைதான் இருக்கிறது.