ஏழாம் கேள்வி

எங்களுடையது மரண உதவிச் சங்கம்.
களுவாஞ்சிகுடியில் எண்பத்திரண்டு குடும்பம்,
இரண்டு தறப்பாள், நூற்றியிருபது கதிரை,
ஒரு பெரிய கேத்தல், மாதச் சந்தா நூறு ரூபா.
யாராவது செத்தால்தான் எங்களுக்கு வேலை.

பூபாலப்பிள்ளை செத்தது ஆவணியில்,
சந்தைக்குப் பின்னால், மீன்பெட்டி அடுக்குக்குள்.
ஒரு மாதமும் சந்தாவை விட்டதில்லை மனிசன்.
ஆஸ்பத்திரி பிரேதத்தைத் தந்தது.
மறுகாதான் தெரிந்தது,
தறப்பாள் கட்ட வளவு இல்லை
விளக்கு வைக்க வாசல் இல்லை.
"எங்க இருந்து எடுக்கிற?"
தலைவர் கணபதிப்போடி கேட்க
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சந்தைக்கு முன்னால் நாலு கம்பு நட்டு
அரை மணித்தியாலத்துக்கு ஒரு வீடு செய்தோம்.
நன்றாகக் கால் நீட்டிப் படுத்திருந்தார் அதற்குள்.

அந்தக் கிழமைதான் கடிதம் வந்தது:
கிழக்கில் வீடில்லாமல் ஒருவரும் இருக்கக் கூடாதென்று
கூட்டிணைவு ஒன்று, கல்முனையில் கூட்டம்.
"செத்தவீட்டுச் சங்கம் அங்க போய் என்ன செய்யிற?"
என்றார் பொருளாளர்.
செயலாளர் நான், பஸ் ஏறினேன்.
பெரியநீலாவணையில் மாவட்டம் மாறிற்று.
பஸ்ஸுக்குள் யாரும் கவனிக்கவில்லை,
கொண்டக்டர் மட்டும் ஒரு கொட்டாவி விட்டான்.

மாடி மண்டபம். பதினொரு அமைப்பு. ஆறிய ரோல்ஸ்.
வீடற்றவர் என்றால் யார்?
இதிலேயே மத்தியானமாகிவிட்டது.
சாய்ந்தமருது றிஸ்மியா சொன்னா,
"உறுதி அவவிட கையில இரிக்கி, காணி கடலுக்குள்ள.
அவ எந்தக் கணக்கு?"
உகணையிலிருந்து வந்த சோமதாஸ
தமிழைத் தேடித் தேடி எடுத்தார்:
"மகன் வீடு இருக்கு. அம்மா மாட்டுக் கொட்டில். அது வீடு தானா?"
வாகரைப் பெட்டை ஒருத்தி எழும்பி,
லோன்காரருக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுச்
சோளக்காட்டுப் பரணில் நாலு மாதம் கிடந்த குடும்பத்தைச் சொன்னாள்.
வெண்பலகை துடைக்கத் துடைக்கக் கறுத்தது.

மட்டக்களப்புத் தச்சர் மேர்வின் பார்தலட்
அதுவரை பேசாதிருந்தவர்
"விளக்கத்த விடுங்க. ஆளிட்டயே கேப்பம்,
நேற்று ராவு எங்க படுத்தீங்க?" என்றார்.
கணக்கெடுப்புத் தாளில் அது ஏழாம் கேள்வியானது.

சேரும் படிவத்தில் ஒரு கோடு:
உங்கள் அமைப்பு எதைத் தர முடியும்?
காணி இல்லை. காசும் அப்படித்தான்.
எழுதினேன்:
தறப்பாள் இரண்டு, கதிரை நூற்றியிருபது, கேத்தல் ஒன்று.
கீழே, சின்ன எழுத்தில்,
சாவுக்கு முந்தி.

ஐப்பசி மழையில் எண்ணப் போனோம்.
பஸ் நிலையத்தில் செல்லப்பாக்கியம்
தேத்தண்ணியை வாங்கிக்கொண்டாள்,
கதிரையைத் திருப்பி, முதுகில் எழுதியிருந்ததை வாசித்தாள்.
"செத்தவீட்டுக் கதிரை. நான் இரிக்க மாட்டன்."
நின்றபடியே ஆறு கேள்விக்கும் பதில்.
ஏழாவதுக்கு என் முகத்தைப் பார்த்தாள்.
"நீ எங்க படுத்த, மகள்?"

அக்கா வீட்டு விறாந்தையில்.
அத்தான் கொழும்பிலிருந்து வருகிற நாட்களில்
குசினியில், அம்மிக்குப் பக்கத்தில்.
ஆறு வருஷம்.
இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

"எழுது" என்றாள்,
பிளாஸ்டிக் கோப்பையை என்னிடம் நீட்டியபடி.
எங்களுக்கு நடுவில் அந்தக் கதிரை
காலியாகவே நனைந்தது.

அடுத்த கூட்டத்தில் தலைவர் கேட்டார்,
"எத்தின பேர்?"
பதினேழு என்றேன், என்னோடு சேர்த்து.
மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது.
"கதிரைக்குப் பெயின்ட் ஒரு ரின் வேணும்" என்றேன் மறுகா.
என்ன நிறம் என்றார் பொருளாளர்.
அதற்கு இரண்டு மணித்தியாலம் போனது.