தரையில் ஒரு கட்டம்

குவாயாகிலில் பிப்ரவரி.
கடல் ஏறும் நேரத்தில் ஆறு திரும்பி
வந்த வழியே உள்நாட்டுக்குப் போகும்,
ஆகாயத்தாமரைகளையும் கூட்டிக்கொண்டு.
காற்றுக்கு மட்டும்
அப்படி ஒரு யோசனை வந்ததேயில்லை.

செகுந்தோ கட்டிலை விட்டு இறங்குகிறான்.
மலைக்காரன்.
அவன் ஊரில் விடியற்காலை வாளித் தண்ணீரில்
ஏடு கட்டியிருக்கும், விரலால் உடைக்கவேண்டும்.
இங்கே டைல்ஸ் தரையில் ஒரு கட்டம் பார்த்துப் படுக்கிறான்.
அது சூடானதும் அடுத்த கட்டம்.
சுவர் வரை போய்
வெட்டுப்பட்ட காய்போல்
முதல் கட்டத்துக்கே திரும்புகிறான்.

நான் கழுத்துவரை போர்த்தியிருக்கிறேன்.
வீம்புக்கு இல்லை.
மேலே துணி கிடக்காமல் எனக்குக் கண் மூடாது.
"நீ மனுஷியா?" கீழிருந்து குரல்.
"இகுவானா."
"அப்ப பூங்காவுக்குப் போயேன்."

பன்னிரண்டு வருடம். சண்டையெல்லாம்
மின்விசிறியின் பிடரியில் இருக்கும் ஒரு குமிழுக்குத்தான்:
அழுத்தினால் இருவருக்கும் தலையாட்டும்,
இழுத்தால் அவனையே பார்க்கும்.

இறால் ஆலையில் குளிரறை வேலையை
எல்லோரும் தட்டிக்கழிப்பார்கள்.
அவன் கேட்டு வாங்கினான். மைனஸ் பதினெட்டு.
மூட்டு போய்விடுமே என்றால்
"ஊருக்குப் போய்வந்த மாதிரி" என்பான்.
வந்ததும் அவன் காதுமடலைத் தொட்டுப் பார்ப்பேன்;
நான் ஒருமுறையும் ஏறாத அந்த மலை
நான்கு தெரு நடந்ததில் கரைந்திருக்கும்.

இந்த மாதம்தான் ஆரம்பித்தது.
மணி இரண்டு. யாரோ எனக்குள்
அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போகிறார்கள்.
மார்பு, கழுத்து, காது.
இது வெயில் இல்லை. வெயிலை எனக்குத் தெரியும்,
அதோடு வளர்ந்தவள்.
நாற்பத்தொன்பதில் இதெல்லாம் உண்டு என்றாள் நர்ஸ்,
தலையை நிமிர்த்தாமல்.
மூன்று இரவு போர்வைக்குள்
மானத்தோடு புழுங்கினேன்.
இகுவானா என்று சொல்லிவிட்டு
எப்படி இறங்குவது?

நான்காம் இரவு கரண்ட் போனது.
விசிறி கடைசியாக என் பக்கம் திரும்பி
அப்படியே நின்றது.
முதல் மழைக்கு வந்த சுவர்க்கோழிகள் மட்டும்
விடாமல் கத்தின.
போர்வையை உதைத்துவிட்டு இறங்கினேன்.

விழித்துத்தான் இருந்தான். சிரிப்பான் என்று நினைத்தேன்.
நகர்ந்து இடம் விட்டான்.
அவன் விட்ட இடம் சட்டியாய்ச் சுட்டது.
"அங்கே வேண்டாம், நார்சிசா."
கட்டிலுக்கடியில் கையை நீட்டி
ஒரு கட்டத்தைத் தட்டிக் காட்டினான்.
"இது நான் விடியலுக்கென்று
வைத்திருப்பது."