நாலு மணி எண்ணிக்கை

மாலை நாலு ஆனதும் எழுந்து நிற்கிறேன்.
யாரும் எண்ண வருவதில்லை.
டொலிடோ நகரத்துச் சலவைக் கடையில்
பதினாறு எந்திரங்கள் தம் பாட்டுக்குச் சுற்றுகின்றன.
"உட்காரு எமெட்" என்கிறாள் முதலாளி இலோனா.
உட்கார்கிறேன்.
முழங்காலுக்கு இன்னும் விடுதலைத் தீர்ப்பு
போய்ச் சேரவில்லை.

இருபத்திரண்டு வருஷம்.
தவறு என்று சொல்ல நீதிபதிக்குப்
பதினொரு நிமிஷம் போதுமாயிருந்தது.
அதில் நாலு நிமிஷம் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

வெளியே வந்த முதல் இரவு
தங்கை வீட்டுப் பின்னறையில்
விளக்கைப் போட்டேன், அணைத்தேன், போட்டேன்.
உள்ளே விளக்குக்கும் எனக்கும் பேச்சே கிடையாது.
விடிவதற்குள் பல்பு போயிற்று.
தங்கை ஒன்றும் கேட்கவில்லை.
காலையில் அறை வாசலில் நாலு பல்பு இருந்தன.

கதவுகள்தான் கஷ்டம்.
முன்னால் போய் நிற்பேன், திறக்கட்டுமென்று.
கைப்பிடி என்று ஒன்று இருப்பது
பின்னால் நிற்பவர் இருமும்போதுதான் நினைவுவரும்.

போன செவ்வாய்,
காலணிப் பனியை உதறிக்கொண்டு
கனத்த போர்வையோடு வந்தாள் திருமதி ஹேசல்டன்.
மருந்துக்கடைக்காரர் சுடப்பட்ட இரவில்
மங்கல் தெருவிளக்கில், எழுபதடி தூரத்தில்,
ஓடியது நான்தான் என்று சத்தியம் செய்த கண்கள்.
வெளுத்ததெல்லாம் பால் என்பார்கள்;
அன்று அவளுக்குக்
கறுத்ததெல்லாம் நான்.

இப்போது மூன்றடி. நல்ல குழல்விளக்கு.
என் முகத்தை நேராகப் பார்த்து
"ஓரத்தில் காப்பிக் கறை, போகுமா?" என்றாள்.
அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்த ஒரு கணத்துக்காக
உள்ளே எத்தனை வாக்கியம் தீட்டி வைத்திருந்தேன்!
வாயில் வந்தது,
"குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட வேண்டும்."

ஊறப்போட்டேன். கறை முக்கால்வாசி போயிற்று.
மீதியை விரித்துக் காட்டி
"என்னால் இவ்வளவுதான் முடியும்" என்றேன்.
ரசீதில் என் முழுப் பெயரை எழுதினேன்,
எமெட் டாலிவர்,
எழுத்தெழுத்தாக, பெரிதாக.
மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்
படிக்காமல்.

என்றாவது சில்லறை தேடும்போது படிப்பாளோ என்னவோ.
படிக்காமலும் போகலாம்.
அது அவள் கணக்கு.

கடைச் சாவி இப்போது என்னிடம்.
வெளியே நின்று பூட்டுகிறேன்.
இழுத்துப் பார்க்கிறேன், இன்னொருமுறையும்.
அதற்குள் பஸ் வந்துவிடுகிறது.
ஓடலாம், ஓடலாம் என்று
முழங்காலிடம் சொல்லிக்கொண்டே
ஓடுகிறேன்.