நட்சத்திரக் குறியிட்ட கட்டம்

சுங்கை நிபோங் கல்விக் கண்காட்சியிலிருந்து
ஐந்து துணிப்பைகளோடு வெளியே வந்தேன்.
ஐந்திலும் ஒரே பேனா,
பேனாவின் மேல் வேறு வேறு கல்லூரி.

“எந்தத் துறைம்மா?”
எல்லா மேசையும் இப்படித்தான் ஆரம்பித்தது.
“இன்னும் தெரியல.”
முதல் மேசைக்காரர்
கொடுத்த கையேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.
இரண்டாவது, கணக்கியல் எடு
எல்லாருக்கும் பொருந்தும் என்றது,
பள்ளிச் சீருடை விற்பதுபோல.
மூன்றாவது மேசையில் என் ராசி கேட்டார்கள்.
(கேட்கவில்லை. இது யுவன்ராஜ்
வீட்டில் போய்ச் சேர்த்துச் சொன்னது.)

சின் யீக்கு முதலாம் படிவத்திலிருந்தே தெரியும்:
பல் மருத்துவம்.
அவள் என்னோடு பேசுவதில்லை,
என் கடைவாய்ப் பல்லோடு பேசுகிறாள்.
எனக்கோ
உயிரியல் பிடித்தது, தவளை வரும்வரை.
வரலாறு பிடித்தது, தேர்வில் வராத பக்கங்கள்.
இரசாயனத்தில்
நீலம் பச்சையாகிற அந்த ஒரு நொடி.
ஒரு நொடிக்கு
யாராவது பட்டம் தருவார்களா?

அப்பாவுக்கு பாயான் லெப்பாஸில் இரவு வேலை.
நாங்கள் பசியாறும்போது அவர் சோறு சாப்பிடுவார்.
சம்பளச் சீட்டின் பின்பக்கம்
கோடு போட்டு வைத்திருந்தார்:
கல்லூரி, கட்டணம், பேருந்து, கடன்.
துறை என்ற இடத்தில் மட்டும்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
அதைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

சனிக்கிழமை குளுகோர் மேட்டு வளாகத்துக்குப் போனேன்.
திறந்த நாள் போன வாரமே முடிந்துவிட்டதாம்.
பஸ் காசு வீணாகக்கூடாதென்று
காவலாளியிடம் அடையாள அட்டையை வைத்துவிட்டு
அறிவிப்புப் பலகை படித்துக்கொண்டிருந்தேன்.
தொலைந்த கால்குலேட்டர். பாம்பு, கவனம்.
வாடகைக்கு அறை, பெண்கள் மட்டும், சமைக்கக்கூடாது.

“கதவைப் பிடி, கதவைப் பிடி!”
ஒரு தொட்டி நிறையச் சேற்றை
இழுத்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி.
கதவைப் பிடித்தேன்.
அப்புறம் தொட்டியின் மறுபக்கத்தை.
அப்புறம் எப்படியோ
சல்லடை என் கையில் இருந்தது.
ஜூரு சதுப்பில் அள்ளிய சேறு.
அலச அலச
அரிசியளவு நத்தைகள் மிஞ்சின.
இருநூற்றுப் பதினேழு எண்ணினேன்.
அவள் எண்ணியதில் இருநூற்றுப் பத்தொன்பது.
மறுபடியும் எண்ணினோம்.

“நீ எந்தத் துறை?”
“ஒன்னும் இல்ல. இன்னும் சேரவே இல்ல.”
லோகாஷினி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
“நான் முதல்ல கணக்கியல்.
மூனு கையெழுத்து, அரை நாள்.
இங்க வந்துட்டேன்.”

நத்தை பிடித்ததா என்று கேட்காதீர்கள்.
இன்னமும் தெரியாது.
முழங்கை வரை நாறியது,
பஸ்ஸில் பக்கத்து இருக்கை
கொம்தார் வரை காலி.

திங்கட்கிழமை
ஐந்து பையிலிருந்த ஐந்து எண்ணுக்கும் அடித்தேன்.
இந்த முறை கேள்வி என்னுடையது:
“துறை மாற எத்தனை கையெழுத்து?”
ஒன்று, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டது.
ஒன்று, கட்டிய பணம் திரும்ப வராது என்றது.
ஒன்று, இங்கே யாரும் மாறுவதில்லையே என்று
பெருமையாகச் சொன்னது.
நான்காவது எடுக்கவில்லை.
ஐந்தாவது குளுகோர்.
“மூனு,” என்றாள் அந்த அக்கா,
“டீன் லீவுல இருந்தா நாலு.”

இரவு வேலைக்குப் புறப்பட்ட அப்பா
சப்பாத்தோடு திரும்பி வந்தார்.
சம்பளச் சீட்டில் இடமில்லை.
ஓரத்தில், செங்குத்தாக
இன்னொரு கோடு இழுத்து
‘மாறினால்’ என்று எழுதினார்.
அந்த ஐந்து பேனாவில் மூன்று எழுதவில்லை,
நான்காவது கொஞ்சம் கசிந்தது.

பதினொன்றே முக்காலுக்குக்
கணினி முன் உட்கார்ந்தேன்.
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தைக்
காலியாக விட முடியாது.
ஏதோ ஒன்றைத் தேர்ந்தேன்,
என்னவென்று சின் யீயிடம்கூடச் சொல்லவில்லை.

அண்டா பாஸ்தி?
உறுதிதானா என்று மலாயில் கேட்டது திரை.
உறுதியில்லை.
‘யா’வை அழுத்தினேன்.