அடியெடுத்துக் கொடுத்தவள்

வில்ஃப்ரெட் கிரிம்ஷா
நினைவில் வைத்திருந்த வரிகளைக் கேட்க
ஊரே டிக்கெட் வாங்கியது.
அவர் மறந்தவை எனக்கு மட்டும்.
பக்கத்திரை மறைவில் ஒரு முக்காலி,
பதினைந்து வாட் விளக்கு,
மடியில் பிரதி, விரலில் அவர் நிற்கும் வரி.

ஹல் துறைமுகத்தில் மீன்பெட்டி எண்ணியவரின் மகன்.
முதல் வேடம் பிணம்;
மூன்றாம் காட்சியில் தும்மினார்.
அடுத்த வாரம் பிஷப்.
அதற்கடுத்த வாரம்
பிஷப்புக்கு விஷம் வைத்த சமையல்காரி.
வாரம் ஒரு நாடகம், வாரம் ஒரு மூக்கு.
ஞாயிறென்றால் ரயில்.
க்ரூ நிலையத்தில் வண்டி மாறும்போது
எதிர் நடைமேடையில் வேறொரு கம்பெனி
இதே நாடகத்தைத்
தெற்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கும்.
அவர்களின் பிணமும் நம் பிணமும்
தொப்பியைத் தூக்கி வணங்கிக்கொள்ளும்.

எல்லாம் வந்தது அவருக்கு.
வானொலியில் இரண்டு தேங்காய்ச் சிரட்டையால்
ஒரு குதிரைப்படையை ஆறு கடத்தினார்,
அக்கரையில் தளபதியாக அவரே செத்தார்.
தொலைக்காட்சியில் ஏழு வருடம்
துப்பறிவாளருக்குக் கதவு திறந்துவிடும் சார்ஜென்ட்.
கடைத்தெருவில் ஜனங்கள் மறித்து
காணாமற்போன சைக்கிளுக்கு நியாயம் கேட்பார்கள்.
குறித்துக்கொள்வார். மெய்யாகவே குறித்துக்கொள்வார்.
ஒன்று கிடைத்தும் விட்டது.

குழாயெல்லாம் உறைந்த அறுபத்து மூன்றில்,
ஸ்கார்பரோ விடுதியில்,
பழைய நாடகப் பிரதிகளின் முதுகில் எழுதிய
ஒரு கட்டைக் கையில் திணித்தார்.
"தட்டச்சு செய்து தருவாயா, மேவிஸ்?"
கலங்கரை விளக்கத்தில் தனித்திருக்கும் விதவையின் கதை.
கையுறையோடு தட்டினேன்,
பதினோராம் அத்தியாயத்தில் கழற்றினேன்.

சார்ஜென்ட் எழுதினால் விதவையை யார் நம்புவார்?
பதிப்பாளர் கேட்டது நியாயம்தான்.
அப்படிப் பிறந்தாள் திருமதி கான்ஸ்டன்ஸ் பெல்.
வாசகிகளின் கடிதங்கள் என் வீட்டுக்கு வரும்;
இடக்கையால் பதில் எழுதுவார்,
எழுத்துக்கள் மழையில் சாய்ந்த வேலி மாதிரி.
ஒன்பது நாவல், முப்பத்தொரு வருடம்,
ஒருமுறைகூட அரிதாரம் கலையவில்லை.
பாத்திரம் என்றால் கழுவிக் கவிழ்ப்பது
என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.
இது அடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு அந்த விதவையைப் படமாக்க வந்தார்கள்.
கிழட்டு சுங்க அதிகாரி வேடத்துக்கு
இவரையும் வாசிக்கச் சொன்னார்கள்.
முப்பது வயது இயக்குநர், நல்ல பிள்ளை,
"அருமை ஐயா. ஆனால் ஆசிரியை
இந்த இடத்தில் நினைத்தது வேறு."
"அப்படியா? என்ன நினைத்தார்?"
பென்சிலை எடுத்துக்கொண்டு
கடைசிவரை கவனமாகக் கேட்டிருக்கிறார்.
கிண்டலில்லை, மேவிஸ், என்றார் என்னிடம்,
பையன் சொன்னதில் விஷயம் இருந்தது.

கொடுத்தது தபால்காரர் வேடம். ஒரே வரி:
"முத்திரை போதவில்லை, அம்மா."
வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கடிதத்தை நீட்டுகிறார், வாய் திறக்கிறது,
வரி வரவில்லை.
அவர் எழுதியது. நான் தட்டியது.
காற்று மட்டும் கதவை ஆட்டுகிறது.
சோபாவில் இருந்தபடி நான் முணுமுணுத்தேன்,
ஆறு மாதம் முன்பே படமாகிவிட்ட முகத்துக்கு.
மறுநாள் பத்திரிகை அந்த மௌனத்தைப் பாராட்டியது.

போன வியாழன், ஹோவ் தகன மண்டபம்.
பாதிரியார் வேடங்களைப் படித்தார்:
பிஷப், தளபதி, சார்ஜென்ட்,
சமையல்காரிக்குக்கூடச் சிரிப்பு எழுந்தது.
அப்புறம் தாளைத் திருப்பினார்,
மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்,
அவ்வளவுதானா என்பதுபோல் நின்றார்.

பழக்கதோஷம்.
"கான்ஸ்டன்ஸ் பெல்" என்றேன்,
கடைசி வரிசைக்குக் கேட்காமல்
மேடைக்கு மட்டும் எட்டும் குரலில்.

பாதிரியாருக்குக் காது மந்தம்.
முன்வரிசை அம்மாள் ஒருத்தி
திரும்பி முறைத்தாள்.