வெந்தயம்

வஃப்ரா பண்ணைச் சாலையில்
தக்காளிக் கூடாரங்கள் முடிகிற இடத்தில்
லாரி டயரோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள்.
கயிறு மட்டும் புதுசு.

மதுரையில் ஒருமுறை நரி பரியானதாம்.
இங்கே யாரோ
ஒரு கோடை முழுக்கப் பொறுமையாக
பரியை நரியாக்கியிருந்தார்கள்.

டாக்டர் ஷைமா சொன்னார்:
பசியைப் பார்த்துப் போடாதே,
கடிகாரத்தைப் பார்த்துப் போடு.
நாலு மணிக்கொரு தரம் இரண்டு கைப்பிடி குதிரைமசால்.
(பேரிலேயே குதிரை இருந்தும்
ஊரில் நாங்கள் அதை ஆட்டுக்குத்தான் போட்டோம்.)
கூட ஒரு கை அள்ளினால்
இதயம் நின்றுவிடுமாம்.
பட்டினி விட்டுவைத்ததைத் தீனி கொல்லும் என்பது
எனக்கு அதுவரை தெரியாது.

இரவு இரண்டு மணிக்கு
காலித் தொட்டியை அது நக்குகிற சத்தம்.
அறையில் எங்கள் ஆறு பேரில்
நான் மட்டும் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன்.

குல்ஸமான் குளம்பைச் சீவினான்.
சீழ் வந்தது, அப்புறம் ஒரு கூழாங்கல் வந்தது.
அதைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்,
ஏன் என்று நான் கேட்கவில்லை.
நாற்பத்தோராம் நாள்
தானாகவே காலைத் தூக்கிக் கொடுத்தது.

கழுத்தில் கருவியை வைத்ததும்
தோலுக்குள்ளிருந்து ஒரு எண் பேசியது.
அதற்கும் பாஸ்போர்ட் இருந்தது.
அதற்கும் அது அதன் கையில் இல்லை.
ஆறு பந்தயம், ஒரே ஒரு தடவை இரண்டாம் இடம்.
உரிமைக்காரர் போனில், அது செத்துப்போச்சே என்றார்.
செத்தது என் பக்கத்தில் நின்று
வாலால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

புது மயிர் வெந்தய நிறத்தில் முளைத்தது.
இருபத்துமூன்றாம் நம்பர் என்று கூப்பிடுவதை
அன்றைக்கு விட்டேன்.

பெண் கேட்டு வருவதுபோல் வந்தார்கள்.
ஒருவர்: குட்டி போடுமா?
ஒருவர்: வெள்ளைச் சாயம் நிற்குமா,
கல்யாண ஊர்வலத்துக்கு வேண்டும்.
ஒரு அப்பா மகனின் பிறந்தநாளுக்கு
ரிப்பனோடேயே வந்துவிட்டார்.
எல்லாரையும் டீ கொடுத்து அனுப்பினோம்.

கபத்திலிருந்து வந்த உம் ஃபவ்ஸான் மட்டும்
இவள் எதற்குப் பயப்படுவாள் என்று கேட்டார்.
டயருக்கு என்றேன்.

வீடு பார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள்,
கையில் டேப்பும் ஒரு படிவமும்.
நிழல் எத்தனை அடி, தண்ணீர் எவ்வளவு தூரம், துணைக்கு யார்.
இரண்டு ஃபேன் உள்ள அறைக்காரன்
ஒரு குதிரையின் நிழலை அளந்தேன்.
ஏழு மீட்டர். பரவாயில்லை.
துணைக்கு ஒற்றைக்கண் கழுதை ஒன்று.
முற்றத்து மணலில் பெரிய வட்டமாக ஒரு பள்ளம்,
ரொம்ப நாளாக அங்கே கிடந்த ஏதோ ஒன்றை
அன்று காலையில்தான் எடுத்த மாதிரி.
அந்த அம்மாள் அதைப் பற்றிப் பேசவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

போகிற நாளில்தான் உறைத்தது,
டிரெய்லரும் டயர் மேல்தான் நிற்கிறது.
வியர்த்து, கண் வெளுத்து,
பின்னங்காலில் எழுந்தாள்.
கோதுமைச் சாக்குகளைச் சுற்றி நாலையும் மூடினோம்.
ஒன்றின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்,
மடியில் ஊறவைத்த வெந்தயம்.
அவசரமில்லை.
குல்ஸமான் இரண்டு சிகரெட் முடித்தான்.
மூன்றாவதைப் பற்றவைக்கும்போது
என் உள்ளங்கையில் ஈர மூக்கு.

பேர் என்ன என்று கேட்டார் உம் ஃபவ்ஸான்.
கையிலிருந்ததைக் காட்டினேன்.
ஹில்பா! என்று சிரித்தார்.
மொழி மாறியதே தவிர
கசப்பும் சத்தும் அதேதான்.

கதவடைத்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
நல்லது. திரும்பிப் பார்க்கிற குதிரைகளை
நான் அனுப்பியிருக்கிறேன்.

கொட்டடியைக் கழுவி முடிப்பதற்குள்
வாசலில் அடுத்த வண்டி.

பன்னிரண்டு நாள் கழித்து வாய்ஸ் நோட்.
பின்னால் கழுதை கத்துகிறது,
முன்னால் உம் ஃபவ்ஸான் கவலைப்படுகிறார்:
ஹில்பா தொட்டியில் மிச்சம் வைக்கிறாள்,
உடம்பு சரியில்லையோ?

மூன்று தரம் போட்டுக் கேட்டேன்.

மிச்சம் வைக்கிறாளாம்.